என் முகத்தில் சூடு பார்த்த அக்கா

அவருக்குச் சுடாது.

எங்கள் மெஸ்ஸுக்குப் புதிதாகச் சாப்பிட வருகிறவர்களிடம் பழைய பையன்கள் முதலில் சொல்லும் சேதி அதுதான். சாம்பார் எப்படி இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கறி உண்டா என்பதெல்லாம் பிறகு. கொதிக்கும் சோற்று அண்டாவை அக்கா பிடிதுணி இல்லாமல் வெறுங்கையால் பிடித்து இறக்கிவைப்பார். தோசைக்கல்லில் உள்ளங்கையை வைத்து, "இன்னும் காயல" என்பார். கல்லிலிருந்து புகை கிளம்பிக்கொண்டிருக்கும். புதியவன் தட்டைப் பிடித்தபடி அப்படியே நிற்பான். பக்கத்தில் இருக்கிறவன் அவன் விலாவில் இடித்து, "அக்காவுக்குச் சுடாதுல. நீ தின்னு" என்பான்.

ஒரகடம் கூட்டு ரோட்டிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற வழியில், ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இருந்தது அந்த மெஸ். தகரக் கூரை, சிமெண்டுத் தரை, நீளமான நான்கு பெஞ்சுகள். இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய வருஷங்கள் அவை. ஷிப்டு முடிந்த பஸ்கள் வந்து நின்றால் தூத்துக்குடி, ராமநாதபுரம், தேனிப் பக்கத்துப் பையன்கள் இறங்கிக் கும்பலாக வருவார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சின்னப் பாட்டு கேட்கும். வாழ்த்து அட்டையைத் திறந்தால் வருமே, அந்த மாதிரி மெல்லிய ஒலி. கொஞ்ச நேரம் பாடும், நிற்கும். சில சமயம் நிற்காது. யார் பாடவிடுகிறார்கள், எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா குழம்பைக் கிளறியபடி, "ஆரம்பிச்சிட்டாம்பா" என்பார்.

நான் அங்கே காய் நறுக்கினேன், மாவு ஆட்டினேன், பாத்திரம் கழுவினேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. நாற்பது வயதை நெருங்கியும் ஆட்களோடு பேசுவதென்றால் எனக்கு நாக்கு மடங்கிக்கொள்ளும். எல்லோரும் எழுந்துபோன பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவேன். அத்தனை பேர் வந்துபோகும் இடத்தில் என் முகம் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்காவுக்கு மட்டும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்த அளவுக்கு என்னைப் பெற்றவள்கூடப் பார்த்ததில்லை. அது பாசத்தால் அல்ல. அவருக்கு அது ஒரு கருவி.

அவருடைய இன்னொரு வழக்கம், செருப்பை விட்டுவிட்டு வருவது. கடைக்குப் போய்த் திரும்பும்போது ஒரு காலில் செருப்பு இருக்கும், ஒரு காலில் இருக்காது. எங்கே கழன்றது என்று கேட்டால் தெரியாது. வெறுங்காலோடு நடந்து வந்ததும் தெரியாது. நான் வந்த வழியே போய்த் தேடுவேன். மண்ணிலோ தார் ரோட்டின் ஓரத்திலோ அது தனியாகக் கிடக்கும், யாரோ அதிலிருந்து மேலே பறந்துபோய்விட்டதுபோல. எடுத்துவந்து காலடியில் வைத்தால், "இந்தச் செருப்புக்கு என்னைப் புடிக்கலப்பா. சொல்லாம கொள்ளாம எறங்கிடுது" என்று சிரிப்பார்.

அவருக்குச் சுகர் இருந்தது, ரொம்ப வருஷமாக. மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவார். சுகரையும் சுடாததையும் அந்தச் செருப்பையும் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

செல்வின் என்று ஒரு பையன். தூத்துக்குடிக்காரன். காண்ட்ராக்டில் கம்பெனி கம்பெனியாகப் போய், மின்சாரப் பெட்டிகள் சூடேறுகின்றனவா என்று பார்ப்பது அவன் வேலை. துப்பாக்கி மாதிரி ஒரு மெஷின் வைத்திருப்பான். தொடாமல் தூர நின்று குறிவைத்தால் சிவப்புப் புள்ளி விழும், சூடு எவ்வளவு என்று நம்பர் வரும். ஒரு நாள் விளையாட்டாகத் தோசைக்கல்லைக் குறிவைத்துப் பார்த்தான். பிறகு, அதன் மேல் அப்போதுதான் வைத்து எடுத்த அக்காவின் கையைப் பார்த்தான். மனுஷக் கை தாங்காத நம்பர் வந்ததைப் பார்த்துவிட்டு மெஷினைத் தட்டினான். மறுபடி பார்த்தான். அப்புறம் அதைப் பைக்குள் போட்டுவிட்டான். "ஏம்ப்பா, எவ்ளோ காட்டுது?" என்று அக்கா கேட்டதற்கு, "பேட்டரி இல்லக்கா" என்றான்.

பக்கத்து ஊர் அம்மன் கோயிலில் வருஷா வருஷம் தீமிதி நடக்கும். அக்கா ஒரு வருஷம் வேண்டுதலுக்காக இறங்கினார். காப்புக் கட்டி, மஞ்சள் புடவை உடுத்தி, மற்ற பெண்களோடு வரிசையில் நின்றார். நான் கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தேன். எல்லோரும் கோவிந்தா போட்டுக்கொண்டு ஓட்டமாக ஓடிக் கடந்தார்கள். அக்கா நடந்தார். கடைத்தெருவில் நடப்பதுபோல நடந்தார். பாதிக் குழியில் கொசுவம் தழைந்துவிட்டது. நின்றார். நெருப்பின் நடுவில் நின்றபடி குனிந்து, கொசுவத்தை எடுத்துச் செருகி, முந்தானையைச் சரிபண்ணிக்கொண்டு அப்புறம் நடந்தார். பம்பை அடித்தவர்கள் கை ஓங்கியபடி நின்றுவிட்டார்கள். அவ்வளவு ஜனத்திலும் கங்கு வெடிக்கும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

ஊர் பார்த்தது அதைத்தான். மறுநாள் மெஸ்ஸில் நான் பார்த்தது வேறு. அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே தரையில் ஈரக் காலடிகள். துடைத்தேன். மறுபடியும் வந்தன. தொட்டுப் பார்த்தால் தண்ணீர் இல்லை, பிசுபிசுத்தது. நான் தரையைக் காட்டினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து காலைத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கால் தோல் வெந்த உருளைக்கிழங்கின் தோல்போலக் கழன்று தொங்கியது.

"வலிக்குதாக்கா?"

"இல்லப்பா. அதான் ஒரு மாதிரி கீது" என்றார். யாரோ மறந்து வைத்துவிட்டுப்போன பொருளைப் பார்ப்பதுபோல அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகாதார நிலையத்தில் மாதக்கணக்கில் கட்டுக் கட்டி அந்தப் புண் ஆறியது. ஊருக்கு அது தெரியாது. நெருப்பில் நின்று புடவை செருகியவர் என்பதுதான் தெரியும். அதிலிருந்து பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். நெற்றியில் ஒரு தடவை கை வையுங்கள் என்பார்கள். அக்காவும் கூச்சப்பட்டுக்கொண்டே வைப்பார்.

ஒரு மத்தியானம் பின்தெருவிலிருந்து ஒருத்தி குழந்தையோடு வந்தாள். குழந்தை துவண்டு அவள் தோளில் கிடந்தது. அக்கா அதன் நெற்றியில் கை வைத்து, "ஒண்ணும் இல்லம்மா, குளுந்துதான் கீது" என்றார். அந்த நேரம் நான் மாவுப் பானையோடு அவர்களைத் தாண்டிப் போனேன். தொங்கிக்கொண்டிருந்த குழந்தையின் கால் என் முழங்கையில் உரசியது. அடுப்பில் உரசியதுபோல இருந்தது. நான் நின்றுவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் முறை அப்படிப் பார்த்தார். அந்தப் பார்வை என் முகத்தில் நின்றது, பிறகு தன் கைக்குப் போனது. "எம்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. என் கை இன்னிக்கு கையா இல்ல" என்று அவளை ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். குழந்தை பிழைத்துக்கொண்டது. அவள் போனதும் அக்கா அடுப்பருகே போய், என்னைப் பார்த்தபடியே தோசைக்கல்லின் விளிம்பைப் பிடித்தார். என் முகம் என்ன ஆனதோ, கையை எடுத்துக்கொண்டார்.

"உனக்குப் பாத்தாலே சுடுது. எனக்கு வெச்சாலும் சுடல" என்றார்.

அதன் பிறகு பெண்கள் பிள்ளைகளோடு வந்தால் திருப்பி அனுப்பிவிட்டார். அடுப்பு வேலைக்கு என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பாத்திரத்தை முதலில் நான் தொட வேண்டும். அவர் பாத்திரத்தைப் பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். கண் சுருங்கினால் துணி எடுப்பார். சுருங்காவிட்டால் வெறுங்கை. சில நாள் நான் வேறு ஏதோ நினைத்து முகம் சுளித்தால்கூடக் கையில் எடுத்த கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். முகத்தை மறைத்தே வாழ்ந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. முதலில் உடம்பு கூசியது. பிறகு பழகிவிட்டது.

அடுத்த மழைக்காலத்தில் பூனை ஒன்று மெஸ்ஸில் ஒண்டியது. சாம்பல் நிறம். அக்கா காய்கறி பார்க்க உட்கார்ந்தால் வந்து அவர் காலில் ஒட்டிப் படுக்கும். எப்போதும் இடது கால்தான். பையன்கள் தூக்கி வலது காலில் ஒட்டிப் படுக்கவைத்தால் எழுந்து சுற்றிவந்து இடது காலுக்கே போகும். "என்னக்கா, ரைட்டு காலு புடிக்கலையா அதுக்கு?" என்று கேலி பண்ணினார்கள். அக்காவும் சிரித்தார். ஒரு நாள் அவர் காலடியில் சிந்திய தண்ணீரைத் துடைக்கும்போது என் புறங்கை அந்தக் காலில் பட்டது. பூனை ஏன் அங்கே படுக்கிறது என்று அப்போது தெரிந்தது.

கால் வீங்கியிருந்தது. மேலே செக்கச்செவேல் என்று இருந்தது. புண் இல்லை, கீறல் இல்லை. சுட்டது. ஆள் முழுக்கக் காய்ச்சல் என்றால் நெற்றி சுடும், கழுத்து சுடும். இது கால் மட்டும் தனியாகச் சுட்டது. அக்காவுக்கு அது தெரியவில்லை. அவரைச் சுடாத நெருப்பெல்லாம் எங்கேயோ போய்ச் சேர்ந்து, இப்போது உள்ளேயிருந்து எங்களைச் சுடுவதுபோல எனக்குத் தோன்றியது.

தீமிதிக்கு மறுபடி நாள் வந்தது. கோயில் பக்கத்திலிருந்து பெண்கள் அழைக்க வந்தார்கள். வயதான பெரியம்மா ஒருவர், அம்மை வந்த வீடுகளுக்கு வேப்பிலை கொண்டுபோகிறவர், வணங்குவதற்காக அக்காவின் காலைத் தொட்டார். தொட்ட கையை உதறிக்கொண்டார். இன்னொரு காலைத் தொட்டுப் பார்த்தார். பிறகு சுட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"ஆத்தா உன் கால்ல வந்து குந்திகினு கீறா."

எங்கள் பக்கத்தில் உடம்பு காரணமில்லாமல் சுட்டால் அது அம்மன் என்றுதான் நினைப்பார்கள். அம்மன் வந்திருக்கும்போது ஊசி போடக் கூடாது, மாத்திரை கூடாது. அவளாகக் குளிர்ந்து இறங்க வேண்டும். அவர்கள் காலுக்கு மஞ்சள் பூசி வேப்பிலை கட்டினார்கள். இந்த வருஷம் எல்லோருக்கும் முன்னால் அக்காதான் நெருப்பில் இறங்க வேண்டும் என்று சொல்லி மணிக்கட்டில் காப்புக் கட்டிவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று செல்வின் மட்டும் சொன்னான். அவனுடைய மெஷின் இரண்டு காலுக்கும் வேறு வேறு நம்பர் காட்டியது. "ஒரே ஆளுக்கு ரெண்டு சூடு எப்படிக்கா இருக்கும்?" என்றான்.

அக்கா வேப்பிலைக் கட்டைப் பார்த்துக்கொண்டு, "எனக்கு இன்னா தெரியும்ப்பா. இந்தக் காலு என்னுதா அவளுதான்னே தெரியல" என்றார். அதை அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

தீமிதி அன்று மாலை, வெயில் சாயும் முன்பே வேன் வந்து வாசலில் நின்றது. பெண்கள் உள்ளே உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள். அக்கா மஞ்சள் புடவையில் ஸ்டூலில் உட்கார்ந்து, காலைக் கழுவிவிடச் சொன்னார். நான் மஞ்சள் தண்ணீரை ஊற்றி, இடது காலை இரண்டு கையாலும் பிடித்துத் தேய்த்தேன். பாதத்தின் நடுவில் என் கட்டைவிரல் அழுந்தியது. உள்ளே ஏதோ நகர்ந்தது. சரளைக்கல் போட்ட துணிப்பையை அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம். சின்னதாக, காலுக்குள்ளிருந்து.

நான் நிமிர்ந்தேன். அக்கா ஏற்கெனவே என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. சுவருக்கு அப்பால் அந்தப் பாட்டு ஆரம்பித்தது.

"இன்னாடா பார்த்த?" என்றார். அதுவரை என்னை அவர் டா போட்டதில்லை. அவர் குனிந்து, வெளியே கேட்காத குரலில் மறுபடி கேட்டார். "உள்ள கீறது யாரு? காலா, அவளா?"

"காலுதான்க்கா" என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்கு என் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பல்லால் கடித்துக் காப்பை அவிழ்த்தார். கட்டிய காப்பைத் தீமிதிக்கு முன்னால் அவிழ்க்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிச்சல் வராது. அதை என் கையில் வைத்து மூடினார். வாசலுக்குப் போய், "நீங்க போங்கம்மா. ஆத்தாகிட்ட நானே பேசிக்கறேன்" என்றார். வேனில் பாட்டு நின்றுவிட்டது. உள்ளே இருந்த அந்தப் பெரியம்மா இறங்கவில்லை, திட்டவில்லை. "அவ எறங்கற எடம் தெரியாம எறங்குவா. பாத்துக்கோ" என்றார். அக்காவைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. வேன் போய்விட்டது.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். அவரும் முதலில் புறங்கையைத்தான் வைத்துப் பார்த்தார், இந்தக் காலில் ஒரு தடவை, அந்தக் காலில் ஒரு தடவை. படம் எடுத்துவரச் சொல்லி வெளிச்சத்தில் மாட்டினார். ரஸ்க்கைக் கையில் வைத்து நொறுக்கியதுபோல இருந்தது எலும்பு. இதோடு நடந்தீர்களா என்று கேட்டார். நடந்தேன், வலி இல்லையே என்றார் அக்கா. வலி இல்லாததுதான் வியாதி என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன். உடம்பில் எங்கேயாவது உடைந்தால் உள்ளே ஒரு கூப்பாடு எழும். அதைக் கேட்டு, சரிசெய்கிறவை ரத்தத்தில் ஓடிவரும். அந்தக் கூட்டத்தால்தான் சூடு, சிவப்பு, வீக்கம். வேலை முடிந்ததும் கூட்டம் கலைந்துவிட வேண்டும். சுகர் ரொம்ப நாள் இருந்தால் நரம்பு செத்துவிடுகிறது, வலி தெரிவதில்லை. வலி இருந்தால் ஆள் காலை ஊன்றாமல் உட்கார்ந்திருப்பார். அக்கா நடந்துகொண்டே இருந்தார், உள்ளே உடைந்துகொண்டே இருந்தது. கூப்பாடு நிற்கவில்லை. சரிசெய்ய வந்தவையே கடைசியில் எலும்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. சர்க்கரை ஏறிய உடம்பில் இந்தக் கூப்பாடு கொஞ்சம் கொஞ்சமாக எல்லா இடத்திலும் இருக்குமாம். கண்ணில், கிட்னியில், பல் ஈறில்.

"அதை நிறுத்த ஊசி இல்லியாம்மா?" என்று அக்கா கேட்டார்.

"அதைத்தான் தேடிக்கிட்டு இருக்காங்க. மொத்தமா நிறுத்திட்டா நாளைக்கு ஒரு புண்ணு வந்தா ஆத்துறதுக்கு யாருமே வர மாட்டாங்க. அளவா நிறுத்தணும். அது கஷ்டம். இப்போதைக்குச் சக்கரையைக் கட்டுல வையுங்க, காலை ஊணாதீங்க. சூடு இறங்கிட்டா கால் மிஞ்சும். இறங்கலைன்னா எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டரம்மா.

முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் ஊன்றக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அக்கா மெஸ்ஸை நடத்தினார். நான் அடுப்படியில் நின்றேன். ஆத்தா காலைக் கட்டிப்போட்டுவிட்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். நான் அந்தக் காப்பைக் கோயில் குளத்தில் போட்டுவிட்டு வந்தேன். அது முழுகவில்லை. மஞ்சள் கயிறுதானே, மிதந்தது.

டாக்டரம்மா சொன்னதை நான் திக்கித்திக்கிச் செல்வினிடம் சொன்னேன். அவன் உடனே சுவரைக் காட்டினான். "அண்ணே, அந்தப் பாட்டு என்னன்னு நெனச்சீங்க? உள்ள பார்ட்ஸ் மாட்டுற லைன்ல ஏதாச்சும் கோளாறுன்னா கயிறு இருக்கும், இழுப்பாங்க. இழுத்தா பாட்டு வரும். சூப்பர்வைசர் வந்து சரி பண்ணிட்டு நிறுத்துற வரைக்கும் பாடும். அக்கா கால்லயும் கயித்த இழுத்தாச்சு. நிறுத்துறதுக்கு ஆளு வரல" என்றான்.

அதற்குப் பிறகு அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் அக்கா பேச்சை நிறுத்திவிடுவார். மாவுக்கட்டின் மேல் கையை வைத்துக்கொள்வார். ஒரு மத்தியானம் நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோது அவர் தனியாக உட்கார்ந்து காலோடு பேசிக்கொண்டிருந்தார். குழந்தைகளை விளையாட்டிலிருந்து கூப்பிடும் குரல்.

"போதும்ப்பா. நெறையா செஞ்சிட்டீங்க. வூட்டுக்குப் போங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பூனை மாவுக்கட்டின் மேல் படுத்து, காலுக்குள் எதையோ கேட்பதுபோலக் காதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தது.

கட்டு மாற்றும் ஒவ்வொரு முறையும் செல்வின் மெஷினோடு கூட வந்தான். இரண்டு காலின் நம்பரும் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கின. நடுவில் ஒரு முறை திரும்பவும் விலகிப்போயின. அன்று அக்கா ஒன்றும் சாப்பிடவில்லை. அப்புறம் மறுபடி நெருங்கின. ஒரு நாள் ஒரே நம்பர் வந்தது. டாக்டரம்மாவும் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். ஆனாலும் அக்கா என் பக்கம் திரும்பி, "மெஷினு சொல்லட்டும். நீ தொட்டுச் சொல்லு" என்றார். நான் புறங்கையை இரண்டு காலிலும் வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். இரண்டு காலும் ஒன்றாகத்தான் இருந்தன.

கால் மிஞ்சியது. பழைய கால் இல்லை. உள்ளே கூடிய எலும்பு தன் இஷ்டத்துக்குக் கூடி, பாதம் படகுபோல வளைந்துவிட்டது. அதற்கென்று அளவெடுத்து, மிருதுவான அடியும் பின்வாரும் வைத்த செருப்புக் கொடுத்தார்கள். அது கழன்று விழாது. மாத்திரையை நேரம் தவறாமல் போட்டார். காலையும் மாலையும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பார்த்தார். மறுபடி அடுப்படியில் நின்றார், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

கொஞ்ச காலமாகவே பாத்திரத்தை நான் தொட்டவுடன், "நல்லாத் தொட்டியா?" என்று அவர் இரண்டாம் முறை கேட்க ஆரம்பித்திருந்தார். வயதாகிறது, நம்பிக்கை குறைகிறது என்று நினைத்தேன். கால் ஆறிய பிறகு வந்த மழைக்காலத்தில் பூனை அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்தது. நான் மாவு ஆட்ட உட்கார்ந்தால் வந்து காலில் ஒட்டிப் படுத்தது. என்னிடம் யாரும் அப்படி வந்து ஒட்டியதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது எழுந்துபோய்விடக் கூடாதென்று காலை அசைக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

மழை போய் வெயில் வந்தது. சித்திரையில் ஒரு மத்தியானம் அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கி ஸ்டேஷனுக்கு நடந்தோம். தார் இளகிக் கிடந்தது. அவரால் வேகமாக நடக்க முடியாது, நான் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனேன். ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் நின்று திரும்பினேன். அக்கா வரவில்லை. ரோட்டின் நடுவில் நின்று கீழே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குனிந்து அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

என் செருப்பு.

"இது உன்னுதா?" என்றார்.

நான் காலைப் பார்த்தேன். ஒன்றில் இருந்தது, ஒன்றில் இல்லை. இல்லாத காலின் விரல்களில் தார் ஒட்டியிருந்தது.

"சுடலியா?"

எனக்குச் சுகர் இருக்கிறதா என்று நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பார்த்த முகம். அதில் ஒன்றும் இல்லை என்பதை அவர் பார்ப்பதை நான் பார்த்தேன்.

என்னை மரத்தடி சிமெண்டுப் பெஞ்சில் உட்காரவைத்தார். ரோட்டுச் சூடு இறங்கட்டும் என்றார். பாட்டில் தண்ணீரைக் காலில் ஊற்றினார். நிழலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் போக வேண்டிய ரயில் வந்தது, போனது. அதன் பிறகு அவர் என் எதிரில் குத்துக்காலிட முடியாமல் தரையிலேயே உட்கார்ந்து, என் காலைத் தொடக் கையை நீட்டினார். பாதி வழியில் கை நின்றது. அந்தக் கையைத் திருப்பி ஒரு முறை பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார்.

வாசலில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா அவரைக் கூப்பிட்டார்.

"ஏம்பா, இங்க கொஞ்சம் வா. இவன் காலைத் தொட்டுப் பாரு. முதல்ல இந்தக் காலு, அப்பால அந்தக் காலு. ஒரே மாரி கீதான்னு சொல்லு."

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். பைத்தியங்கள் என்று நினைத்திருக்கலாம். ஆனாலும் எழுந்து வந்து, ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு என் முன்னால் குந்தினார். ஒரு காலில் கை வைத்தார். எடுத்தார். இன்னொரு காலில் வைத்தார்.

நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.